இணையப் பெருவழியும் இடைச்சுங்கமும்

வழி வேறு, வழிமேல் கட்டிய சாவடி வேறு. வழி நடப்பார் அனைவர்க்கும் உரியது. சாவடி கட்டியவனுக்கு மட்டுமே உரியது. இவ்வேறுபாட்டை ஊர்ப்புறத்துச் சிறுவனும் அறிவான். ஆயினும் இணையம் என்னும் பெருவழியைப் பொறுத்த அளவில் கற்றாரே இதை மறந்து நிற்கின்றனர். ‘இணையத்தில் எழுதினேன்’ என்று சொல்வாருள் பெரும்பாலார் எழுதியது இணையத்திலன்று. ஏதோ ஓர் அமெரிக்க வணிகக் குழுமத்தின் முற்றத்தில். அம்முற்றத்தின் கதவும் தாழும் திறவுகோலும் அக்குழுமத்தின் இடுப்பிலேயே தொங்குகின்றன.

2021-ஆம் ஆண்டு அக்தோபர் 4-ஆம் நாள் இவ்வுண்மை உலகிற்கே ஒருமுறை வெளிப்பட்டது. முகநூல் குழுமம் தன் பிணையத்தைச் செப்பனிடும்போது நேர்ந்த ஒரு பிழையால், அக்குழுமத்தின் முகவரிகளுக்கு வழிகாட்டும் குறிப்புகள் அனைத்தும் இணையத்தினின்று நீங்கிப் போயின. முகநூல், வாட்சப், இன்சுட்டாகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் ஒருங்கே மறைந்தன. ஓர் அலுவலகத்தில் நேர்ந்த தவற்றுக்காக, பல நாடுகளில் சிறு வணிகர் தம் வாடிக்கையாளரை இழந்து நின்றனர். அயல்நாட்டிலிருக்கும் மக்களோடு பெற்றோர் பேச இயலாமற் போயிற்று. அதே ஆறு மணிநேரமும் மின்னஞ்சல் தடையின்றிச் சென்றுகொண்டிருந்தது. அன்று ‘இணையம் நின்றுவிட்டது’ என்று அரற்றியவர்கள், நின்றது இணையமன்று என்பதையும், நின்றது ஒரு கடை என்பதையும் எண்ணிப் பார்த்தார்களில்லை.

மின்னஞ்சல் ஏன் நிற்கவில்லை? அஃது எவர் உடைமையும் அன்று என்பதே கரணியம். 1971-இல் இரே தாம்லின்சன் என்பார் கணிப்பொறி விட்டுக் கணிப்பொறிக்கு மடல் விடுக்கும் முறையை அமைத்தார். 1982-இல் அம்மடற்போக்கிற்குரிய நெறிமுறை எழுதி வெளியிடப்பெற்றது. அந்நெறிமுறையைப் படித்து அதன்படி ஒரு வழங்கியை நிறுவுகின்ற எவரும் மடல் விடுக்கலாம், பெறலாம். மதுரையிலிருப்பார் ஒரு நிறுவனத்தின் வழியாகவும், மலேசியாவிலிருப்பார் வேறொன்றன் வழியாகவும் மடல் எழுதிக்கொள்வதில் யாதொரு தடையும் இல்லை. ஆனால் வாட்சப்பில் இருப்பவர் டெலிகிராமில் இருப்பவர்க்கு ஒரு வரி விடுக்க இயலுமா? இரண்டும் அவர்தம் கையிலுள்ள ஒரே கருவியில், ஒரே பெருவழியின் மேல் இயங்குகின்றன. இடையில் நிற்பது மதிலேயன்றித் தொலைவன்று. அம்மதிலும் வேண்டுமென்றே எழுப்பப்பெற்றது.

இணையம் அறவுணர்வினால் பிறந்தது என்று எவரும் மயங்க வேண்டா. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு கொடுத்த பணத்தில், 1969 அக்தோபர் 29-ஆம் நாள் கலிபோர்னியாவின் இரு கணிப்பொறிகளுக்கிடையே முதற்செய்தி சென்றது. படைத்துறைப் பணத்தில் முளைத்த செடிதான் அது. எனினும் அதனை வளர்த்த அறிவியலரும் மாணவரும் ஒரு நல்வழக்கத்தைத் தொடக்கத்திலேயே மேற்கொண்டனர். கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசுதற்குரிய நெறிமுறைகளைக் ‘கருத்துரை வேண்டல்’ என்னும் அடக்கமான தலைப்பில் எழுதி, யாரும் படிக்குமாறும் மறுக்குமாறும் திருத்துமாறும் வெளியிட்டனர். வின்டன் செர்ப்பு, இராபர்ட்டு கான் என்னும் இருவர் 1974-இல் வெளியிட்ட கருத்தின் வழிவந்த நெறிமுறைக்கு, 1983 சனவரி முதல் நாள் அவ்வலையம் முழுமையும் மாறியது. அந்நெறிமுறைக்கு உரிமத்தொகை கிடையாது. அதனைப் பின்பற்றும் எந்த வலையமும் பிறிதொன்றோடு இணையலாம். இணைவதால் இணையம் எனத் தமிழில் அமைந்த பெயர் எத்துணைப் பொருத்தமானது!

இவ்வழிக்குச் சுங்கம் இட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1991-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தார் ‘கோபர்’ என்றொரு முறையை அமைத்தனர். உலகெங்கும் உள்ள கணிப்பொறிகளிற் கிடக்கும் செய்திகளைப் பட்டியல் பட்டியலாகத் தேடிப் படிக்க அது துணைசெய்தது, விரைந்து பரவியது. அதே காலத்தில் செனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வகத்தில், திம் பெர்னர்சு-லீ என்னும் ஆங்கிலேயர் வையவிரிவலையை உருவாக்கிக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் கோபரே முன்னின்றது. 1993-இன் தொடக்கத்தில் அப்பல்கலைக்கழகம், தன் மென்பொருளைப் பயன்படுத்துவாருள் சிலரிடம், சிறப்பாக வணிகரிடம், உரிமத்தொகை பெறப்போவதாக அறிவித்தது. தொகை பெரிதன்று; ஆயினும், இன்று வணிகரிடம் கேட்பவர் நாளை எவரிடம் கேட்பாரோ என்னும் ஐயம் எங்கும் பரவிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 30-ஆம் நாள் செர்ன் ஆய்வகம், வையவிரிவலையின் மென்பொருள் மேல் தனக்குள்ள உரிமை அனைத்தையும் விட்டு, அதனைப் பொதுவுடைமை ஆக்கியது. மக்கள் வலையின் பக்கம் திரும்பினர். கோபர் தேய்ந்து மறைந்தது. இஃதொன்றே கரணியம் என்பதற்கில்லை. எழுத்தையும் படத்தையும் ஒருங்கே காட்டிய மோசைக்கு என்னும் உலாவி அவ்வாண்டே வெளிவந்ததும் வலைக்கு வலுவூட்டியது. ஆனால் கட்டணம் கேட்கப்படுமோ என்னும் அச்சம் நீங்கிய நிலமாக இருந்ததனாலேயே அத்தகைய கருவிகளைச் செய்வார் அந்நிலத்தில் வந்து குடியேறினர்.

சோழருள் முதற் குலோத்துங்கன் சுங்கந் தவிர்த்தவன் என்று பெயர் பெற்றான். (சுங்கம் என்பதற்கு வள்ளுவர் ஆண்ட சொல் உல்கு.) அவன் வென்ற போர்களை மறந்தாரும் இப்பெயரை மறக்கவில்லை. வணிகச்சாத்துகள் தடையின்றிச் சென்ற வழியே ஊர்களை வளர்க்கும் என்பதை அவன் காலத்தார் அறிந்திருந்தனர்.

மதிலெழுப்பும் முயற்சி புதிதன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கம்ப்யூசெர்வ், பிராடிசி, அமெரிக்கா ஆன்லைன் என்னும் குழுமங்கள் திங்கட் கட்டணம் பெற்றுத் தத்தம் முற்றத்துள் செய்தியும் கடையும் உரையாடலும் நடத்தின. ஒன்றனுள் நுழைந்தவர்க்கு மற்றொன்று அயல்நாடு. திறந்த வலை பெருகப் பெருக அம்மதில்கள் பயனற்றுப் போயின. அமெரிக்கா ஆன்லைன் 2000-ஆம் ஆண்டில் தைம் வார்னர் என்னும் பெருங்குழுமத்தையே விழுங்க முன்வந்த அளவிற்குப் பருத்திருந்தது. அதன் தொலைபேசிவழி இணைப்புப் பணியோ 2025 செபுத்தம்பர் 30-ஆம் நாளோடு நிறுத்தப்பெற்றது.

பின்வந்த குழுமங்கள் இவ்வீழ்ச்சியினின்று ஒரு பாடம் கற்றன. பெருவழிக்கு எதிராகத் தனிவழி போடுதல் வீண். பெருவழியின் மேலேயே நின்றுகொண்டு, முதலில் கதவைத் திறந்து வைத்து, கூட்டம் சேர்ந்தபின் சாத்திக்கொள்வதே ஊதியம் என்பதே அப்பாடம். கூகுள் 2005-இல் தொடங்கிய உரையாடற் பணி திறந்த நெறிமுறை ஒன்றைத் தழுவியது. பிற நிறுவனங்களின் வழங்கிகளில் இருப்பாரும் அதனோடு உரையாட வழிவிட்டது. ஆர்வலர் பலர் ‘இதோ நல்ல குழுமம்’ என்று மகிழ்ந்தனர். 2013-இல் அதனிடத்துக்கு வந்த புதுப்பணியில் அத்திறப்பு கைவிடப்பட்டது. துவிட்டர் தன் தொடக்க ஆண்டுகளில் வெளியார் செய்த செயலிகளால் வளர்ந்தது. 2023 சனவரியில் அச்செயலிகளுக்கே கதவடைத்தது. அதே ஆண்டு இரெடிட்டு என்னும் தளம், தன் தரவைப் பெறும் வெளியாரின் செயலிகளுக்குப் பெருங்கட்டணம் அறிவித்தது. சூன் திங்களில் அங்குள்ள ஆயிரக்கணக்கான உரையாடற் பிரிவுகள் தம்மை மூடிக்கொண்டு எதிர்ப்புக் காட்டின. அப்பிரிவுகளைப் பல்லாண்டுகள் ஊதியமின்றி நடத்திவந்தவர்கள் பயனாளர்களே. எதிர்ப்பினால் விலை மாறவில்லை. அடுத்த ஆண்டே, அங்குக் குவிந்து கிடந்த உரையாடல்களைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு வழங்க அக்குழுமம் கூகுளோடு உடன்படிக்கை செய்துகொண்டது. எழுதியவர்கட்கு அத்தொகையில் ஒரு காசும் இல்லை. உழுதவன் ஒருவன், விளைந்ததை விற்றவன் வேறொருவன்!

இத்தகைய சூழ்ச்சி ஒன்று தமிழகத்து வாயிலிலும் வந்து நின்றது. 2015 பிப்பிரவரியில் முகநூல் குழுமம் ரிலையன்சு தொலைபேசி நிறுவனத்தோடு கூடி, ‘விலையில்லா இணையம்’ தருவதாக இந்தியாவிற்குள் நுழைந்தது. முதலில் தேர்ந்த ஆறு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. முதலில் வழங்கிய மொழிகளுள் தமிழும் ஒன்று. ஏழையர்க்கு இணையம், அதுவும் தாய்மொழியில் என்றால் மகிழாதார் யார்? ஆனால் பொதியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இணையம் இல்லை. குழுமம் தேர்ந்தெடுத்த, நாற்பதுக்கும் குறைவான தளங்களே இருந்தன. முகநூல் உண்டு, அதன் போட்டியாளர் இல்லை. ஒரு சிற்றூர் ஆசிரியர் தம் மாணவர்க்கென ஒரு தளம் அமைத்தால் அது தானே அங்குத் தோன்றாது. குழுமத்தின் கட்டுத்திட்டங்களுக்கு உட்பட்டு, அதன் இசைவைப் பெற்ற பிறகே தோன்றும். அப்பொதியைப் பெற்ற ஏழை, இணையம் என்பதே அவ்வளவுதான் என்று எண்ணியிருப்பான். கிணற்றைக் காட்டிக் கடல் என்று சொன்ன கதைதான் இது.

அவ்வாண்டு ஏப்பிரலில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்டபொழுது, பத்திலக்கத்திற்கும் மேற்பட்ட மடல்கள் சென்று குவிந்தன. எல்லாத் தளங்கட்கும் ஒரே நிலை வேண்டும் என்பதே அவற்றின் சாரம். முகநூலும் வாளாவிருக்கவில்லை. ஆண்டிறுதியில் தன் பயனாளர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு பொத்தானைக் காட்டி, அழுத்தியவுடன் ஆணையத்திற்கு ஆதரவு மடல் செல்லுமாறு செய்தது. முற்றத்தின் உரிமையாளர் முற்றத்திலிருப்பாரைத் தமக்காகக் கைதூக்கச் செய்த காட்சி அது. கேட்ட வினாவிற்கு இவை விடையல்ல என ஆணையம் அம்மடல்களைக் குறைகூறியது. 2016 பிப்பிரவரி 8-ஆம் நாள், செல்லும் தளத்தைப் பொறுத்து வேறுவேறு கட்டணம் பெறுதல் கூடாதென விதி வகுத்தது. மீறுவார்க்கு நாளொன்றுக்கு 50,000 உரூபா ஒறுப்பு என்றும் வரையறுத்தது. மூன்றே நாளில் முகநூல் தன் பொதியைக் கட்டிக்கொண்டு வெளியேறிற்று. தில்லி ஆணையங்களால் தமிழர்க்கு நன்மை விளைவது அரிது. அவ்வரிய நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று என்பதை மறைப்பானேன்?

முற்றங்களில் இன்னொரு கேடும் உண்டு. கடைக்காரனுக்கு ஊதியம் குன்றினால் கடை மூடப்படும். உள்ளே பிறர் வைத்த பொருளும் உடன் போகும். யாகூ குழுமம் 1999-இல் விலைக்கு வாங்கிய சியோசிட்டீசு, பல இலக்கம் பேர் தம் கையாற் செய்த வலைப்பக்கங்களின் ஊர். 2009 அக்தோபரில் அவ்வூர் அழிக்கப்பட்டது. தன்னார்வலர் சிலர் இரவு பகலாகப் படியெடுத்ததனால் ஒரு பகுதி பிழைத்தது. ஆர்க்குட்டு 2014 செபுத்தம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளசு 2019 ஏப்பிரலில். யாகூவின் மடற்குழுக்களில் ஒரு தலைமுறைத் தமிழார்வலர் கூடிப் பேசினர். அகத்தியர், மரத்தடி முதலான குழுக்களை அக்காலத்தார் நினைவில் வைத்திருப்பர். இலக்கணம், கல்வெட்டு, மருத்துவம், ஊர்ப்பெயர் என அத்தகைய குழுக்களில் நிகழ்ந்த சொற்போர்களுக்கு அளவில்லை. 2019 திசம்பரில் யாகூ தன்னிடமிருந்த குழுக்களின் பழம்பதிவுகளை அழித்தது. அடுத்த ஆண்டு திசம்பரில் பணியையே நிறுத்தியது. தனியார் தத்தம் பெட்டியில் வைத்திருந்த படிகளே எஞ்சின. ஏட்டுச்சுவடிகளைச் செல்லுக்கும் ஆற்றுவெள்ளத்துக்கும் கொடுத்த இனம் இது. செல்லும் வெள்ளமும் அறியாமல் வந்தவை. இதுவோ அறிவிப்புக் கொடுத்துவிட்டு வந்த அழிவு.

தமிழெழுத்தே ஒருகால் இவ்வாறு மதிலுக்குள் கிடந்ததை இளைஞர் பலர் அறியார். தொண்ணூறுகளில் ஒவ்வொரு செய்தித்தாளும் ஒவ்வொரு மென்பொருள் வணிகரும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தனர். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஒவ்வொன்றிலும் வேறுபட்டது. ஒருவர் ‘அறம்’ என்று எழுதி விடுத்தால், அதே எழுத்துரு இல்லாதவர் திரையில் பொருளற்ற கோடுகளும் புள்ளிகளுமே தோன்றும். ஒரே மொழி, ஒரே எழுத்து; ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வணிகரின் எழுத்துருவை வாங்க வேண்டியிருந்தது. இக்கொடுமைக்கு மாற்றாகப் பல நாட்டுத் தமிழர் மடல்வழிக் கூடிப் பேசித் ‘தகுதரம்’ என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி அரசும் பொதுக் குறியேற்றங்களையும் ஒரு பொது விசைப்பலகையையும் ஏற்றது. இறுதியில் எல்லாவற்றையும் ஒருங்குறி தன்னுள் அடக்கிக்கொண்டது. பொதுப் பட்டியலில் எழுதப்பெற்றவை எளிதில் ஒருங்குறிக்கு மாறின. ஒரு வணிகரின் தனிப்பட்டியலில் எழுதிப் பூட்டப்பெற்றவையோ, அவ்வணிகரோடு மறைந்தும், மாற்றுவாரின்றியும் கிடக்கின்றன.

ஒருங்குறியும் குற்றமற்றதன்று. அதனை நடத்தும் சேர்த்தியத்தில் பெருங்கட்டணம் கட்டி வாக்குரிமை பெற்றிருப்பார் பெரும்பாலும் அமெரிக்கக் குழுமங்களே. தமிழுக்கு ஒதுக்கிய கட்டமும் நாகரிக்கென வகுத்த அமைப்பின் சாயலிலே அமைந்தது. உயிர்மெய் ஒவ்வொன்றற்கும் தனியிடம் கிடைக்கவில்லை. அக்குறையைக் கருதித்தான் 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்றது. ஆயினும் அச்சேர்த்தியத்தின் முன்மொழிவுகள் யாவரும் காண வெளியிடப்படுகின்றன. எவரும் மறுப்பு எழுதலாம். இத்திறப்பின் அருமை அதே 2010-இல் தெரிந்தது. தமிழ்க் கட்டத்திற்குள் ‘நீட்டித்த தமிழ்’ என்னும் பெயரில் 26 கிரந்தக் குறிகளை நுழைக்க ஒரு முன்மொழிவு வந்தது. எ, ஒ, ழ, ற, ன என்னும் தமிழெழுத்துகளைக் கிரந்தக் கட்டத்திற்குள் சேர்க்க நடுவணரசின் முன்மொழிவு ஒன்றும் சென்றது. இரண்டும் வெளிப்படையாகக் கிடந்தமையால் தமிழறிஞர் கண்ணிற் பட்டன. எதிர்ப்பு மடல்கள் பறந்தன. தமிழ்நாட்டரசும் நடுவணரசுக்கு எழுதியது. 2014-இல் கிரந்தம் தனக்கெனத் தனிக்கட்டம் பெற்றபொழுது அவ்வைந்து எழுத்துகளும் அதில் இல்லை. தமிழ்க் கட்டத்திற்குள் கிரந்தக்குறி 26-உம் நுழையவும் இல்லை. இதே மாற்றத்தை ஒரு குழுமம் தன் செயலிக்குள் செய்திருந்தால், யாரிடம் முறையிடுவது? எந்த அவையில் வழக்குரைப்பது? ஒருநாட் காலை எழுந்து பார்க்கும்பொழுது விசைப்பலகை மாறியிருக்கும், அவ்வளவே.

திறந்த வழியில் கள்வர் இல்லையா எனின், உளர். மின்னஞ்சலிற் குப்பை மடல்கள் பெருகியதும், அவற்றைத் தடுக்கும் வலிமை பெரிய நிறுவனங்கட்கே இருப்பதனால் மக்கள் அஞ்சற்பெட்டிகள் இரண்டு மூன்று குழுமங்களிடம் குவிந்ததும் மெய். நெறிமுறை பொதுவாயிருந்தும் நடைமுறையில் ஆட்சி ஒருசிலர் கைக்குப் போகலாம் என்பதற்கு இதுவே சான்று. குழுமங்களாற் பயனே இல்லை என்பதும் பொருந்தாது. கைப்பேசியில் பாட்டியும் பேரனும் முகம் பார்த்துப் பேசுவது அவர்கள் செய்த கருவியால்தான். கடை இருக்கட்டும், கடைக்காரன் தெருவை மறித்துக்கொள்ளக் கூடாது என்பதே வழக்கு.

இவ்வழக்கை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகவே எழுதிவிட்டது. 2022-இல் இயற்றிய எண்மச் சந்தைச் சட்டத்தின்கீழ், 2023 செபுத்தம்பரில் ஆறு பெருங்குழுமங்களை ‘வாயிற்காவலர்’ என்று அறிவித்தது. 2024 மார்ச்சு முதல் அவற்றின்மேல் கடமைகளைச் சுமத்தியது. வேறு செய்திச்செயலிகள் இணைப்பு வேண்டினால் வாட்சப் வழிவிடவேண்டும் என்பது அக்கடமைகளுள் ஒன்று. மதிலில் சட்டத்தால் வைத்த முதல் வாயில் இது. இன்னொருபுறம், 2018-இல் வையவிரிவலைச் சேர்த்தியம் ஏற்றுக்கொண்ட ஒரு திறந்த நெறிமுறையால், மாசுடோடான் போன்ற பணிகளில் ஓர் ஊரார் நடத்தும் வழங்கியிலிருப்பார் வேறோர் ஊர் வழங்கியிலிருப்பாரோடு மின்னஞ்சலிற்போலவே உரையாடுகின்றனர். அங்குக் கூட்டம் குறைவு; ஆனால் அங்கிருந்து எழுந்துபோக விரும்புவார், தம்மைப் பின்தொடர்வாரையும் உடன் அழைத்துக்கொண்டு வேறு வழங்கிக்குப் போகலாம். முகநூலில் இஃது இயலாது.

தமிழர்க்கு இதில் அரசையோ ஐரோப்பாவையோ காத்திராமல் செய்யத்தக்கவை உள. ஓர் இதழ் நடத்துவார் முகநூற் பக்கத்தோடு அமையாமல், தம் பெயரில் ஒரு தள முகவரியைப் பதிந்துகொள்ளலாம். வழங்கி மாறினாலும் முகவரி மாறாது. கட்டுரைகளை ஒருங்குறியில், எந்த மென்பொருளும் திறக்கும் கோப்பாக வைக்கலாம். படமாக மட்டும் பதிந்து வைத்த பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடவும் அரிது. முகநூலில் ஆயிரம் பேர் பாராட்டிய ஒரு சொல்லாய்வு மூன்றாம் நாள் அடியிற் போய்விடும். அதுவே 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் உரிய சான்றோடு ஒரு கட்டுரைக்குத் துணையானால், தேடுவார்க்கு என்றும் கிடைக்கும். அங்குள்ள ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகளை மொத்தமாகவே எவரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். நடத்துவார் நாளை கைவிட்டாலும், படி வைத்திருப்பார் அதனை வேறிடத்தில் நாட்டிவிடலாம்.

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரனார் தலைமையில் பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தொடங்கிய மதுரைத் திட்டம் இதைத்தான் செய்தது. பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, ஒருவர் தட்டியதை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்து வெளியிட்டனர். முதலில் பழைய குறியேற்றத்தில் இருந்தவை பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. அக்காலத்துப் பெரிய தமிழ்த் தளங்கள் பல இன்று பெயரளவிலும் இல்லை, அக்கோப்புகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றன் முகப்பிலும், இம்முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் எவரும் இக்கோப்பைத் தடையின்றிப் பரப்பலாம் என்று எழுதப்பட்டுள்ளது.